பிக்கார்டு: கைக்காகப் பிறந்த கவசம்

வில்லி நெல்சனின் கிட்டாரில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்று, செய்தவர்கள் முகப்பலகையில் வட்டமாக வெட்டிய ஒலித்துளை. மற்றொன்று, அதற்கும் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் இடையே அவருடைய பிக்கும் (தந்தியை மீட்டக் கையில் பிடிக்கும் சிறு தகடு) விரல்களும் பல பத்தாண்டுகள் உரசித் திறந்த துளை. அமெரிக்கக் கண்ட்ரி இசையின் மூத்த பாடகரான அவர் 1969-இல் 750 டாலருக்கு வாங்கிய மார்ட்டின் என்-20 அது. நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிட்டார். விரலால் மீட்டுவதற்கென்றே செய்யப்பட்டதால் அதில் பிக்கார்டு கிடையாது. நெல்சனோ அதைப் பிக்கால் வாசித்தார். ஆண்டு முழுக்க ஊர் ஊராகப் போய் மேடைகளில் வாசித்தார். மேற்பூச்சு போயிற்று, மரம் மெலிந்தது, கடைசியில் ஓட்டையே விழுந்துவிட்டது. ‘டிரிகர்’ என்று அவர் பெயரிட்ட அந்தக் கிட்டாருக்கு ஆஸ்டின் நகரின் மார்க் எர்லவைன் என்ற கைவினைஞர் லாக்கர் பூசியும் உள்ளே தாங்குசட்டங்களைச் சரிசெய்தும் அதன் உயிரைக் காத்துவந்தார்.

அந்த ஓட்டை உலகப் புகழ் பெற்றுவிட்டது. அந்தப் புகழுக்கு நடுவே ஒரு செய்தி கவனிக்கப்படாமல் போகிறது. மென்மையான நைலான் தந்தி பூட்டிய கிட்டாரிலேயே ஒரு சின்ன பிளாஸ்டிக் பிக் மரத்தைத் துளைத்துவிட முடியும் என்பதே அது.

ஒலித்துளையை ஒட்டி, மெல்லிய தந்திகள் இருக்கும் பக்கமாக, கறுப்பாகவோ ஆமை ஓட்டின் பழுப்பு நிறத்திலோ ஒட்டியிருக்கும் தகடுதான் பிக்கார்டு. கீழே வரும் பிக் மரத்தைக் கீறாமல் அது தடுக்கிறது. கடையில் வரிசையாகத் தொங்கும் கிட்டார்களில் சிலவற்றில் அது இருக்கும், சிலவற்றில் இருக்காது. வாங்க வருபவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘இது அவசியமா? ஒலியைக் கெடுக்குமா? ஒட்டினால் அழகு போய்விடுமா?’ என்று கேட்பார். நியாயமான கேள்விகள். இவற்றுக்கான பதிலை அந்தத் தகடு பிறந்த கதையிலிருந்தே எடுக்கலாம் என்று நம்புகிறேன். அந்தக் கதை கிட்டாரில் தொடங்கவில்லை.

எதையும் ஒட்டாத முகம்

கிட்டாரின் குரல் பிறப்பது முகப்பலகையில். தந்தியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக அந்தப் பலகைக்கு இறங்குகிறது. பலகை அதிர்ந்து காற்றை அசைக்கிறது. அதனால்தான் எடை குறைந்த, அதே சமயம் விறைப்பான ஸ்ப்ரூஸ் மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டருக்குள் இழைத்து வைக்கிறார்கள்.

இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு உருவம் கொடுத்தவர் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892). குரல் முழுவதும் முகப்பலகையில்தான் இருக்கிறது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதை நிரூபிக்க 1862-இல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து, முகப்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டாரையே செய்தார். அது இன்று பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகப்பலகையை இப்படிப் போற்றும் மரபில் வந்தவர்கள் அதன்மேல் ஒரு தகட்டை ஒட்ட ஏன் தயங்குகிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

அவர்களுக்கு ஒட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தோரெஸ் காலத்தில் குடல் தந்திதான். வாசித்ததும் விரல் நுனியாலும் நகத்தாலும். நகம் தந்தியை மீட்டிவிட்டு மேலே எழும்பும் அல்லது அடுத்த தந்தியில் போய் ஓய்வெடுக்கும். மரத்தைத் தொடுவது அபூர்வம். அதனால் கிளாசிக்கல் கிட்டாரின் முகம் இன்றுவரை வெறுமையாகவே இருக்கிறது.

மாண்டலினிலிருந்து வந்த வழக்கம்

தகடு முதலில் தேவைப்பட்ட இடம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். வினாச்சியா குடும்பத்தார் போன்ற கைதேர்ந்தவர்கள் அங்கே செய்த மாண்டலினில் இரண்டிரண்டாக நான்கு ஜோடி உலோகத் தந்திகள். மாண்டலின் சுரம் மீட்டியவுடன் அடங்கிவிடும். அதை நீட்டிப் பிடிக்க வேண்டுமானால் பிக்கை மேலும் கீழுமாக இடைவிடாமல் அடிக்க வேண்டும். அந்த வேகத்தில் ஒவ்வொரு அடியும் தந்தியைத் தாண்டி மரத்தின் பக்கம் இறங்குகிறது.

ஸ்ப்ரூஸ் இந்த அடியைத் தாங்காது. அதன் பலகையில் நெருக்கமாக ஓடும் கோடுகளைப் பாருங்கள். வசந்தத்தில் வளர்ந்த வெளிறிய பகுதி மென்மையானது. கோடையின் பிற்பகுதியில் வளர்ந்த கருங்கோடு கெட்டியானது. பிக் முதலில் மென்மையான பகுதியைத்தான் தின்னும். கெட்டிக் கோடுகள் வரப்பு வரப்பாக எழுந்து நிற்கும். பிறகு அவையும் தேயும்.

இதற்கு நேப்பிள்ஸ்காரர்கள் கண்ட வழி அழகானது. ஒலித்துளையை ஒட்டி மரத்தை மேலோட்டமாகக் குடைந்து, அந்தப் பள்ளத்தில் ஆமை ஓட்டுத் தகட்டைப் பதித்தார்கள். மரமும் தகடும் ஒரே மட்டத்தில் இருக்கும். பழுப்பும் பொன்னிறமும் கலந்த அந்த ஓடு காவலாகவும் இருந்தது, அணியாகவும் இருந்தது. அது மன்னார் வளைகுடா உட்பட வெப்பக் கடல்களில் வாழும் அழுங்காமையின் முதுகிலிருந்து உரித்தது. சீப்புக்கும் பேழைக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் உலகமெங்கும் அந்த ஓட்டைத் தேடி ஆமைகளைக் கொன்று தீர்த்தார்கள். அருகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 1970-களில்தான் அந்த வணிகத்துக்குத் தடை போட்டது.

ஆமை ஓட்டின் இடத்தை அதற்கு நெடுங்காலம் முன்பே இன்னொரு பொருள் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்தைத் தவிர வேறு பொருள் கிடைக்குமா என்று தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயட், நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்து 1870 வாக்கில் செல்லுலாய்டை உருவாக்கினார். சூடாக்கினால் வளையும், எந்த நிறமும் ஏற்கும், மெல்லிய தகடாக அறுக்கலாம். ஆமை ஓட்டின் புள்ளியையும் புகைநிறத்தையும் அப்படியே கொண்டுவரலாம். இசைக்கருவி செய்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்றைக்கும் பல பிக்கார்டுகள் ஆமை ஓட்டு நிறத்தில் இருப்பது அந்தக் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

கலமசூவில் எழும்பிய தகடு

அடுத்த அடி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் விழுந்தது. வயலினைப் போல முகப்பலகையைக் குவித்துச் செதுக்கி மாண்டலினும் கிட்டாரும் செய்த ஆர்வில் கிப்சனின் பெயரில் 1902-இல் அங்கே ஒரு நிறுவனம் தொடங்கியது. தொடக்கத்தில் அவர்களும் நேப்பிள்ஸ் முறைப்படி தகட்டைப் பலகையில் பதித்துத்தான் வந்தார்கள். பதிப்பதற்காகக் குடைந்தால் அதிர வேண்டிய மரம் அந்த இடத்தில் மெலிகிறது. ஒட்டுகிற தகடோ அதன்மேல் எடையாக உட்காருகிறது.

நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லூயிஸ் வில்லியம்ஸ் இதற்கு ஒரு விடை சொன்னார். தகட்டை மரத்திலிருந்து விலக்கி, தந்திகளுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நிறுத்தும் முறை அது. 1909 மார்ச் 30-ஆம் தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தக் காலத்து கிப்சன் தகடுகளில் அந்தத் தேதியே முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். குவிந்த பலகை கொண்ட கருவியில் தந்திகள் மரத்திலிருந்து உயர்ந்து நிற்கும். எழும்பிய தகடு அந்த உயரத்துக்கு வந்து, வாசிப்பவரின் விரல் தங்கவும் இடம் கொடுத்தது. பலகையும் தடையின்றி அதிர்ந்தது. 1920-களில் ஜாஸ் இசைக்குழுக்களில் புகழ்பெற்ற கிப்சன் எல்-5 கிட்டாரிலும் இந்த எழும்பிய தகடுதான்.

மரம் அதிர வேண்டும், மரம் பிழைக்கவும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளையும் சேர்த்து நிறைவேற்றிய தீர்வு இது. ஆனால் இது குவிந்த முகத்துக்குத்தான் பொருந்தும். தட்டையான முகம் கொண்ட கிட்டாரில் தந்திகள் மரத்துக்கு நெருக்கமாக ஓடுகின்றன. தகடு எழும்ப அங்கே இடமில்லை.

நாசரெத்துக்கு வந்த பாஞ்சோக் கை

சாக்சனியின் மார்க்நொய்கிர்ஷன் ஊரிலிருந்து 1833-இல் நியூயார்க் வந்த சி.எஃப். மார்ட்டின், சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரெத்துக்குக் குடிபெயர்ந்தார். அவர் குடும்பத்தின் பட்டறை அதற்குப் பிறகு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பெரும்பாலும் குடல் தந்திக் கிட்டார்களையே செய்தது. அவற்றில் பிக்கார்டு தேவைப்படவில்லை.

நிலைமையை மாற்றியது சத்தத்துக்கான பசி. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் ஹவாய் இசை மோகம் பரவியது. அந்த இசைக்கு ஸ்டீல் தந்தி வேண்டும். மார்ட்டின் நிறுவனம் 1922-இல் ஸ்டீல் தந்திக்கென்றே ஒரு மாதிரியைத் தன் வழக்கமான வரிசையில் சேர்த்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதன் பெரும்பாலான கிட்டார்கள் ஸ்டீலுக்கு மாறிவிட்டன.

அடுத்து வந்தது பாஞ்சோ. நடன இசைக்குழுக்களில் தாளத்தைத் தாங்கிய பாஞ்சோ கலைஞர்கள் 1920-களின் இறுதியில் கிட்டாருக்கு மாறத் தொடங்கினார்கள். அட்லாண்டாவைச் சேர்ந்த பெரி பெக்டெல் அவர்களில் ஒருவர். பாஞ்சோ வாசித்துப் பழகிய தன் கைக்கு ஏற்ற நீண்ட கழுத்து வேண்டும் என்று மார்ட்டினிடம் கேட்டார். 1929-இல் பிறந்தது ‘ஆர்கெஸ்ட்ரா மாடல்’ என்னும் ஓ.எம். வரிசை. உடலுக்கு வெளியே பதினான்கு ஃபிரெட் (மெட்டு) தெரியும் கழுத்து அதன் பெருமை. அதே கிட்டாரின் முகத்தில் ஒலித்துளைக்குக் கீழே கண்ணீர்த்துளி வடிவில் சிறியதொரு செல்லுலாய்டு தகடும் இருந்தது. கழுத்து நீண்டது இடது கைக்காக. தகடு வந்தது வலது கைக்காக. பாஞ்சோவிலிருந்து வந்த கை பிக்கோடு வந்தது. இசைக்குழுவின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்ற வேகத்தோடு வந்தது. சில ஆண்டுகளில் அந்தச் சிறிய துளி பெரிதாகி, மார்ட்டினின் மற்ற ஸ்டீல் தந்திக் கிட்டார்களுக்கும் பரவியது. ட்ரெட்நாட் என்னும் அகன்ற உடல் கிட்டாரோடு நாம் இன்று சேர்த்தே பார்க்கும் தகட்டின் உருவம் இப்படித்தான் நிலைத்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். மரம் மாறவில்லை, முகப்பலகையின் தடிமனும் பெரிதாக மாறவில்லை. மாறியது வாசிப்பவரின் கை. கை மாறியதும் தகடு வந்தது.

அணியான கவசம்

பிறகு திரைப்படம் வந்தது. குதிரையில் ஏறிப் பாடும் கவ்பாய் நாயகர்களுக்குக் கிட்டார் தூரத்திலிருந்தும் தெரிய வேண்டியிருந்தது. நடிகரும் பாடகருமான ரே விட்லிக்காக கிப்சன் 1937-இல் செய்த பெரிய உடல் கிட்டாரிலிருந்து சூப்பர் ஜம்போ வரிசை பிறந்தது. அதன் தகட்டில் பூக்களும் கொடிகளும் ஓடின. 1960-இல் வந்த ‘ஹம்மிங்பேர்ட்’ மாதிரியின் தகட்டில் பூவைத் தேடும் தேன்சிட்டு. 1962-இல் எவர்லி சகோதரர்களின் பெயரில் வந்த கிட்டாரில் ஒலித்துளையின் இரு பக்கமும் பெரிய தகடுகள், முகத்தில் பெரும்பகுதியை மறைத்தபடி. காவலுக்கு வந்த பொருள் கிட்டாரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தேன்சிட்டு இல்லாத ஹம்மிங்பேர்டை யாரும் கற்பனை செய்துபார்க்க மாட்டார்கள்.

காவலே காயமான கதை

மரத்தைக் காக்க வந்த தகடு மரத்தைப் பிளந்ததும் உண்டு. மார்ட்டின் நீண்ட காலம் பிக்கார்டை வெறும் மரத்தின் மேலேயே ஒட்டி, அதற்குப் பிறகுதான் லாக்கர் பூசியது. செல்லுலாய்டு முதுமையில் சுருங்கும். அதிலிருக்கும் கற்பூரம் மெல்ல ஆவியாகிப் போவது இதற்கு ஒரு காரணம். கெட்டியாக ஒட்டிய தகடு சுருங்கும்போது கீழே இருக்கும் ஸ்ப்ரூஸையும் இழையின் குறுக்காக இழுக்கிறது. இழையின் திசையில் வலுவான மரம் குறுக்கே மிகவும் பலவீனமானது. விளைவு, தகட்டின் விளிம்பை ஒட்டி பிரிட்ஜிலிருந்து ஒலித்துளை நோக்கி ஓடும் விரிசல். பழைய மார்ட்டின் கிட்டாரை வாங்குபவர்கள் முதலில் அந்த இடத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். பழுது பார்ப்பவர்கள் தகட்டைச் சூடுகாட்டி மெல்லப் பிரித்து, விரிசலை ஒட்டி, உள்ளே சிறு மரத்துண்டுகளால் தாங்கு கொடுத்து, மரத்துக்கு லாக்கர் பூசி, அதன்மேல் தகட்டைத் திரும்ப ஒட்டுகிறார்கள்.

செல்லுலாய்டுக்கு வேறு குணங்களும் உண்டு. எளிதில் தீப்பற்றும். நாள்பட்டுச் சிதையத் தொடங்கினால் அமிலப் புகை விட்டு அருகிலிருக்கும் தந்தியையும் உலோகப் பாகங்களையும் அரிக்கும். மார்ட்டின் 1960-களின் நடுவில் செல்லுலாய்டை விட்டுக் கறுப்பு பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1980-களின் பிற்பகுதியில் லாக்கர் பூசிய பிறகு மேலே ஒட்டுநாடாவால் ஒட்டும் முறைக்கும் வந்துவிட்டது. இன்று சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான பிக்கார்டுகள் இப்படி மேற்பூச்சின்மேல் ஒட்டுபவையே. மரத்தை இழுத்துப் பிளக்கும் அபாயம் இவற்றில் மிகக் குறைவு.

ஃபிளமெங்கோவின் சாட்சி

கைதான் தீர்மானிக்கிறது என்பதற்கு ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசைக்குரிய கிட்டாரைவிட நல்ல சாட்சி கிடையாது. அது கிளாசிக்கல் கிட்டாரின் நெருங்கிய உறவு. நைலான் தந்தி, ஸ்ப்ரூஸ் முகம், பிக் கிடையாது. ஆனால் ஃபிளமெங்கோ கலைஞர் மீட்டலுக்கு நடுவே மோதிர விரலால் பலகையைத் தட்டித் தாளம் போடுவார். அந்தத் தட்டு இசையின் பகுதி. அதனால் முகத்தில் ‘கோல்பெயதோர்’ என்னும் மெல்லிய தகட்டை ஒட்டுகிறார்கள். மரம் தெரிய வேண்டும் என்று பலர் ஒளிபுகும் தகட்டையே வைத்துக்கொள்கிறார்கள். அருகருகே வைத்தால் பலருக்கு வேறுபாடு தெரியாத இரண்டு கிட்டார்கள். ஒன்றின் முகம் வெறுமை, மற்றொன்றில் கவசம். அதற்குக் காரணம் வாசிக்கும் முறை.

முடிவு எடுப்பது எப்படி

ஒலியைப் பற்றிய அச்சத்தை முதலில் தீர்த்துவிடலாம். தட்டை முகக் கிட்டாரில் அதிகம் அதிர்வது பிரிட்ஜைச் சுற்றிய அகன்ற கீழ்ப்பகுதி. பிக்கார்டு உட்காரும் இடமோ ஒலித்துளையை ஒட்டிய ஓரம். உள்ளே எக்ஸ் வடிவத் தாங்குசட்டங்களின் ஒரு கை அந்தப் பக்கமாக ஓடுவதால் அது முன்பே விறைப்பாக இருக்கிறது. அங்கே மெல்லிய தகடு ஒன்றை ஒட்டுவதால் வரும் மாற்றம் மிகச் சிறியது. தந்தியை மாற்றினால் வரும் வேறுபாடு அதைவிடப் பெரிது. தடித்த, பரந்த தகடு என்றால் கவலைப்படுவதில் பொருள் உண்டு. ஆகவே மெல்லியதையும் தேவையான அளவையும் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து உங்கள் கையைப் பாருங்கள். சில வாரங்கள் வாசித்த பிறகு கிட்டாரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்ந்த வெளிச்சத்தில் முகப்பலகையைக் கவனியுங்கள். மெல்லிய தந்திகளுக்குக் கீழே மயிரிழை போன்ற வளைகோடுகள் தெரிந்தால் உங்கள் பிக் அங்கே இறங்குகிறது. மேற்பூச்சு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அது தீர்ந்ததும் மரம். பாட்டுக்குத் தாளமாக ஸ்ட்ரம் செய்பவர் என்றால் பிக்கார்டு வேண்டும் என்று தயங்காமல் சொல்வேன். முகப்பலகை ஸ்ப்ரூஸைவிட மென்மையான சீடர் மரமானால் இன்னும் அழுத்திச் சொல்வேன். விரலால் மட்டும் மீட்டுபவருக்கு, மரம் கீறலின்றி இருக்கும்வரை, வெறும் முகமே போதும்.

இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள் ஒளிபுகும் மெல்லிய தகட்டைத் தேர்ந்தெடுக்கலாம். பசையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் தற்காலிகப் படலங்களும் கிடைக்கின்றன. வாசிக்கும்போது வைத்து, பிறகு எடுத்துவிடலாம். ஒரே எச்சரிக்கை: நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசிய கிட்டாரில் வினைல் படலத்தை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் பூச்சு இளகித் தழும்பு விழக்கூடும்.

ஒட்டுவதென்றால் கிட்டார் புதிதாக இருக்கும்போதே, ஆழமான கீறல் விழுமுன் ஒட்டுவது நல்லது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஸ்ப்ரூஸ் வெளிச்சம் படப்பட மஞ்சள் ஏறும். தகட்டின் அடியில் மரம் வெளிறியே இருக்கும். பல ஆண்டுகள் கழித்து அகற்றினால் அந்த உருவம் முகத்தில் நிற்கும். ஒட்டுமுன் சோப்புத் தண்ணீரைத் தெளித்துத் தகட்டை நகர்த்தி நகர்த்தி இடம் பார்க்கலாம். பழைய கிட்டாரில் தகட்டை அகற்ற நினைப்பவர் அது வெறும் மரத்தில் ஒட்டியதா, பூச்சின்மேல் ஒட்டியதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் மரத்தில் ஒட்டியதென்றால் மரநாரும் சேர்ந்து பிய்ந்து வரும். அதை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

தேய்ந்த முகம் வாசித்த வாழ்வின் அடையாளம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அன்பை மதிக்கிறேன். ஆனால் நாமாக விரும்பி ஏற்கும் தேய்மானம் வேறு, தெரியாமல் நேரும் தேய்மானம் வேறு. மெலிந்த பலகையைத் திரும்பத் தடிமனாக்க யாராலும் முடியாது. பூச்சின்மேல் நன்றாக ஒட்டிய தகட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நேப்பிள்ஸிலும் கலமசூவிலும் நாசரெத்திலும் தகட்டைச் சேர்த்தவர்கள் வாசிப்பவரின் கையைப் பார்த்துத்தான் சேர்த்தார்கள். அதே வரிசையில் கேளுங்கள்: முதலில் உங்கள் கை என்ன செய்கிறது, பிறகு மரம் எவ்வளவு தாங்கும், கடைசியில் கண்ணுக்கு எது பிடிக்கிறது. இந்த வரிசையில் கேட்டவருக்குக் கடைக்காரரின் ஆலோசனை தேவைப்படாது.